அண்ணா... இதுல எந்தக் கடலை?

டி-ஷர்ட் அள்ள காதர்பேட்டை போயிருப்பீங்க. ஃப்ரெண்டோட அக்கா கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிட்டு வந்திருப்பீங்க. ஆனா, ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு திருப்பூர்ல ஏதாவது ஒரு மளிகைக் கடை ஓரமா நின்னு வேடிக்கை பார்த்திருக்கீங்களா? பார்க்கணும் பாஸ்!

இந்த ஊர்ல மாசம்ங்கிறது காலண்டர்ல மட்டும்தான். பனியன் கம்பெனிகள்ல நிறைய பேருக்கு இன்னிக்கும் வாரச் சம்பளம்தான். எட்டு மணி நேரம் வேலை பார்த்தா ஒரு ஷிஃப்ட். ராத்திரி எட்டரை வரைக்கும் இழுத்தா ஒன்றரை. 'இந்த வாரம் எத்தனை ஷிஃப்ட்டுங்க?'ன்னு கேட்டா, 'வீட்ல சோறு எப்படி?'ன்னு கேக்கிற மாதிரி. சனிக்கிழமை பணம் கைக்கு வரும். போன வார பாக்கி கழியும். மிச்சத்துல அடுத்த வாரத்துக்கான பை நிரம்பும். ஆர்டர் குறைஞ்சா ஷிஃப்ட் குறையும், பையும் இளைக்கும். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரின்னு ஏத்தினப்போ, அந்த அடி முதல்ல விழுந்த இடங்கள்ல இந்தப் பையும் ஒண்ணு.

இப்போ அந்தப் பைக்குள்ள இன்னொரு சிக்கலையும் வெச்சுப் பாருங்க. வீட்ல ஒருத்தருக்கு சாப்பாட்டு அலர்ஜி!

உலகம் முழுக்க அதிகமா அலர்ஜி கொடுக்கிற பொருட்கள் எவைன்னு பாருங்களேன். பால், முட்டை, வேர்க்கடலை, கோதுமை, சோயா, மீன், இறால், முந்திரி வகையறா. முந்திரியையும் இறாலையும் விடுங்க, எப்படியும் அது தீபாவளி ஐட்டம். ஆனா கடலை, முட்டை, பால், மீல்மேக்கர்... கம்மிக் காசுல புரதம் வேணும்னா நம்ம வீடுகள் கை நீட்டுறதே இதுக்குத்தான். அதுவும் மானாவாரியில் நிலக்கடலை விளையற கொங்கு பக்கம் கடலையை ஒதுக்குங்கன்னு சொன்னா, அம்மாக்கள் நம்மளை ஒரு மாதிரிதான் பார்ப்பாங்க.

இதுல உங்க ரோல் என்ன? சிக்கண்ணா காலேஜோ, எல்.ஆர்.ஜி.யோ, எதுல படிச்சாலும் சரி, வீட்ல மளிகை லிஸ்ட் எழுதுறதும் பாக்கெட் பின்னாடி பொடி எழுத்து படிக்கிறதும் காலேஜ் போற புள்ளை தலையிலதான் விழுது. அதனால வாங்க, பையை எடுத்துக்கிட்டு ஒரு ரவுண்டு போவோம்.

கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. 'எனக்குக் கத்திரிக்காய் அலர்ஜி, பாட்டிக்கு உளுந்து அலர்ஜி'ன்னு நாமளா முடிவு பண்றதுலயே பாதி பட்ஜெட் போயிடுது. சிலர் ஆயிரக்கணக்குல செலவு பண்ணி ரத்தப் பரிசோதனை எடுத்து, அதுல பாசிட்டிவ்னு வந்த பத்துப் பொருளையும் சமையல்கட்டை விட்டே துரத்துறாங்க. கர்நாடகாவுல பெரியவங்ககிட்ட ஒரு ஆய்வு நடத்தி 2016-ல் வெளியிட்டாங்க. ஏதாவது ஒரு உணவுக்கு ரத்தத்துல பாசிட்டிவ் காட்டினவங்க 26.5 சதவீதம். சாப்பிட்டதும் தொந்தரவு, அதுக்குப் பொருந்துற பாசிட்டிவ் ரெண்டும் சேர்ந்து அலர்ஜியா இருக்கலாம்னு கணக்குல வந்தவங்க வெறும் 1.2 சதவீதம்! ரிப்போர்ட்ல பாசிட்டிவ் வந்தாலே அலர்ஜின்னு அர்த்தமில்லை. எதைச் சாப்பிட்டு எவ்வளவு நேரத்துல என்ன ஆச்சுன்னு கேக்கிற டாக்டர்கிட்ட போய், உண்மையான எதிரி யாருன்னு தெரிஞ்சுக்கங்க. அந்த ஒண்ணை மட்டும் கறாரா ஒதுக்கினா போதும். மிச்சத்தையெல்லாம் திருப்பி வீட்டுக்குக் கூப்பிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில பல்லடம் ரோட்டுல தென்னம்பாளையம். உழவர் சந்தையில விவசாயிங்களே கடை விரிச்சிருப்பாங்க. அலர்ஜிக்காரங்களுக்கு இதைவிட நல்ல சூப்பர் மார்க்கெட் இல்லை. ஏன்னா இங்க லேபிளே தேவையில்லை. சுரைக்காய்னா சுரைக்காய்தான்! அவரை, தட்டப்பயறு கிடைக்கிற சீசன்ல அள்ளிக்கங்க. கடலையும் முட்டையும் போன இடத்துல கொள்ளு வந்து உட்காரும். கொள்ளுப் பருப்பு கடைஞ்சு, மறுநாள் அதே தண்ணியில ரசம். கோதுமை ஆகாதவங்களுக்கு கம்பும் சோளமும் ராகியும் இந்த மண்ணோட பழைய சாப்பாடு. 'குளூட்டன் ஃப்ரீ'ன்னு ஒட்டி விக்கிற பிஸ்கட் பக்கம் போகவே வேணாம். (வேர்க்கடலையும் பயறு குடும்பம்தான். கடலை ஆகாத பெரும்பாலானவங்க மத்த பயறுகளைச் சாப்பிட முடியும். உங்களுக்கு எப்படின்னு டாக்டர் சொல்லட்டும்.)

அடுத்து ரேஷன் கடை. அரிசி இலவசம். ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். இந்த அரிசியும் பருப்பும் சேர்ந்தா என்ன? கொங்கு நாட்டோட தேசிய உணவான அரிசிம்பருப்பு சாப்பாடு! பால் இல்லை, முட்டை இல்லை, கோதுமை இல்லை, கடலை இல்லை. பால் அலர்ஜின்னா மேல விடுற ஊத்துக்குளி நெய்யை மட்டும் தியாகம் பண்ணணும். நெய்யிலயும் பால் புரதம் துளி ஒட்டிக்கிட்டு இருக்கும். பாமாயிலுக்குப் பதிலா கடலெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ரேஷன்ல கொடுங்கன்னு விவசாயிங்க ரொம்ப நாளா கேக்கறாங்க. நியாயமான கோரிக்கைதான். கொடுக்கும்போது ரெண்டுல எது வேணும்னு கேட்டுக் கொடுத்தா கடலை ஆகாத வீடுகளும் கும்பிடும்.

எண்ணெய்னு வந்ததும் உஷார். செக்குல ஆட்டின கடலெண்ணெயில கடலைப் புரதம் தங்கும். நல்லா சுத்திகரிச்சதுல அது அனேகமா இருக்காது. 'மரச்செக்குன்னா உடம்புக்கு நல்லது'ங்கிற பேச்சு அலர்ஜிக்காரங்களுக்குச் செல்லாது. காங்கேயம் பக்கம் தேங்காய் எண்ணெய்க்குப் பேர் போன ஏரியாதான். ஆனா அதே செக்குல காலையில கடலையும் மத்தியானம் தேங்காயும் ஆட்டினா? கேட்டுத்தான் வாங்கணும். மாவு மில்லும் அப்படித்தான். உங்க ராகிக்கு முன்னாடி யாரோட கோதுமை அரைபட்டுச்சுன்னு மெஷினுக்குத்தான் தெரியும். காலையில மில் திறந்ததும் மொத ஆளா போய் நின்னுட்டு, நேத்து கடைசியா என்ன அரைச்சாங்கன்னும் கேட்டுக்கங்க. பெருங்காய டப்பாவையும் திருப்பிப் பாருங்க. பலதுல கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். 2020-ல் வந்த லேபிள் விதிப்படி அலர்ஜி தர்ற முக்கியமான பொருட்களை பாக்கெட்ல சொல்லியாகணும். ஆனா எள்ளு அந்தப் பட்டியல்ல இல்லை. எள்ளு ஆகாதவங்க மொத்த லிஸ்ட்டையும் படிக்கணும். லூஸ்ல வாங்கற பொடிக்கு அதுவும் கிடையாது.

அப்புறம் பாஷைப் பிரச்னை. கடலைப்பருப்பு, கடலைமாவு, பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை... எல்லாம் ஒரே சாதி. கடலை மிட்டாய், கடலெண்ணெய் வேற சாதி, அதுதான் நிலக்கடலை. 'சட்னியில கடலை போட்டீங்களா?'ன்னு கேட்டா, பொட்டுக்கடலையை நினைச்சுக்கிட்டு 'ஆமா'ம்பாங்க. நிலக்கடலையைப் போட்டுட்டு, 'பொட்டுக்கடலை இல்லீங்க'ன்னும் சொல்வாங்க. 'அக்கா, இதுல நெலக்கடலை போட்டிருக்குதுங்களா?' இப்படி முழுசா கேளுங்க. 'ங்க' போட்டுக் கேட்டா கொங்குல யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

வழியில அனுப்பர்பாளையம் வந்தா இறங்கிடுங்க. பாத்திரத்துக்குன்னே பேர் போன இடம். அலர்ஜிக்காரருக்குத் தனியா ஒரு சின்ன வாணலி, ஒரு தாளிக்கிற கரண்டி. வாழ்க்கைக்கும் ஒரு தடவை செலவு. முட்டை ஆம்லெட் போட்ட கல்லுலயே தோசை ஊத்தற ரிஸ்க் அதோட முடிஞ்சுது.

சாயந்திரம் வண்டிக்கடையில காளான் மணக்கும். பேர்தான் காளான், உள்ள முட்டைக்கோஸும் மைதாவும் ஜாஸ்தி. பரோட்டாவுல மைதாவோட முட்டை, பால் சேர்க்கிறவங்க உண்டு. போண்டா சுட்ட எண்ணெயிலதான் முட்டை போண்டாவும் நீச்சல் அடிக்கும். ஒரு வாரம் இந்தக் காசை மிச்சம் பிடிச்சா அடுத்த சனிக்கிழமை பையில ஒரு கிலோ பயறு எக்ஸ்ட்ரா. ஸ்கூல் போற தம்பிக்கு முட்டை ஆகலைன்னா, சத்துணவுல முட்டை சாப்பிடாத பிள்ளைங்களுக்கு வாழைப்பழம் உண்டு. டீச்சர்கிட்ட ஒரு தடவை போய் சொல்லிட்டு வாங்க.

எல்லாத்தையும் இப்படி சிக்கனமா சமாளிச்சுட முடியாது. பால் அலர்ஜி உள்ள கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் இல்லைன்னா, டாக்டர் எழுதற ஸ்பெஷல் பவுடர் விலை ஒன்றரை ஷிஃப்ட் சம்பளத்தையும் சாப்பிட்டுடும். அங்க வீட்டு வைத்தியம் வேணாம், பவுடர்ல தண்ணியைக் கூட்டி ஊத்தறதும் வேணாம். குழந்தைகள் டாக்டர்கிட்ட காசு நிலைமையை வெட்கப்படாம சொல்லி, வேற என்ன வழின்னு கேட்கணும்.

காசைப் பார்க்கக் கூடாத இன்னொரு நேரமும் இருக்கு. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல உதடு வீங்குது, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு இழுக்குது, தலை சுத்துதுன்னா மெடிக்கல் ஷாப் மாத்திரைக்கு ஓடாதீங்க. அது அரிப்பை அடக்கும், மூச்சைத் திருப்பாது. அதுக்கு மருந்து தொடையில போடற அட்ரினலின் ஊசி. உடனே 108. தாராபுரம் ரோட்டுல இருக்கிற பெரியாஸ்பத்திரி 2022-லேர்ந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆள் படுத்தே இருக்கட்டும், எழுப்பி நடக்க வைக்காதீங்க. மூச்சு முட்டுதுன்னா மட்டும் சாய்ச்சு உட்கார வைங்க. வர்றவங்க 'என்ன சாப்பிட்டாங்க?'ன்னு கேப்பாங்க. வெறுமனே 'கடலை'ன்னு சொல்லிடாதீங்க. எந்தக் கடலைன்னு சொல்லுங்க!