மலிவுத் துப்பாக்கியும் மரவள்ளித் தோட்டமும்

நெடுமங்காட்டிலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில் வித்துரா இருக்கிறது. தமிழ் முனிவர் பெயர் தாங்கி 1,868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர் கூடத்திற்குக் கால்வழி தொடங்கும் போனக்காடு அதன் எல்லைக்குள்தான். அங்கே தேயிலை கிள்ள வந்த தமிழ்க் குடும்பங்களில் நம்முடையதும் ஒன்று. தேயிலை நொடித்தபின் தம்பி மலையிறங்கி ஒன்றரை ஏக்கரில் மரவள்ளியும் வாழையும் வைத்தான். நாம் அதற்கு முன்பே பென்சில்வேனியாவுக்கு வந்துவிட்டோம்.

மானும் துப்பாக்கியும் இங்கே அன்றாடப் பேச்சு. நன்றி நவிலல் நாள் கழிந்த சனிக்கிழமை (2018 வரை அது திங்கட்கிழமையாக இருந்தது) மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அண்டை வீட்டுப் பெரியவர் சென்ற ஆண்டு நம் மகனை அழைத்துத் தம்முடைய பழைய ரெமிங்டன் 742 ரைபிளைக் காட்டினார். சில நூறு டாலருக்குத் தருவதாகவும் சொன்னார். பதினாறு வயதுப் பிள்ளை அன்றிரவு உறங்கவில்லை.

விலைக்குத் தக்க பொருள்தானா என்று நாம் விசாரித்தோம். 1960 முதல் 1980 வரை உற்பத்தியான அரைத் தானியங்கி அது. ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரு குண்டுதான் புறப்படும். ஆனால் வெடிவாயுவின் ஒரு பகுதி குழலிலுள்ள சிறு துளை வழியே வந்து பின்கதவைத் தள்ளி, வெற்றுத் தோட்டாவை வெளியே எறிந்து, அடுத்ததைத் தானே ஏற்றிவிடும். கையால் தாழை இழுத்துத் தள்ளும் வேலை இல்லை. உதையில் ஒரு பங்கை இயந்திரமே வாங்கிக்கொள்வதால் தோளும் நோகாது. முதற் குண்டில் காயம்பட்டு ஓடும் விலங்கை மறுநொடியே வீழ்த்தி, அதன் வேதனையைச் சுருக்கலாம் என்பதே இதை விரும்புவோர் சொல்லும் நியாயம். அதைத் தள்ளிவிட முடியாது.

குறைகளும் உண்டு. வெடிமருந்தின் கரி உள்ளே படிகிறது. துப்புரவு செய்யாவிட்டால் தோட்டா சிக்கிக்கொள்கிறது. தாழ்வகைத் துப்பாக்கியைப் போலப் பின்புறமாகக் கம்பி விட்டுத் துடைக்க வழியில்லை. நாள்பட்ட 742-இல் பின்கதவு ஓடும் தடங்கள் தேய்ந்துவிடும் என்பது பட்டறைக்காரர் பலரும் அறிந்த செய்தி. தேய்ந்தால் செப்பனிடுவது அரிது. பழைய பொருள் மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு குண்டு காத்திருக்கிறது என்ற எண்ணம் முதற் குறியில் கவனத்தைக் குறைப்பதாகவும் சில முதியவர்கள் சொல்கிறார்கள். நம் கட்சி அவர்கள் கட்சி.

எல்லாவற்றுக்கும் மேலாக, பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு அரைத் தானியங்கி ரைபிள் ஆகாது! 2017-இல் சிறு விலங்குகளுக்கு அனுமதி தந்தபோதும் மானுக்குத் தரவில்லை. பெரியவர் மேற்கு வர்ஜீனியாவில் இருந்த காலத்தில் வாங்கியதாம். கிறிஸ்துமஸுக்குப் பின் இங்கே ஒரு தனிப் பருவம் உண்டு. அதில் சிக்கிமுக்கிக் கல்லால் நெருப்பெழுப்பும் பழங்காலத் துப்பாக்கிதான் செல்லும். மருந்தை வாய்வழி இடித்து நிரப்பும் நம்மூர் நாட்டுத் துப்பாக்கியின் தாயாதி அது.

தொலைபேசியில் இதைச் சொன்னபோது தம்பி, "அண்ணே, அதிலே ஒண்ணு இங்கே இருந்தா பன்னிக் கூட்டத்தையே தீர்த்திடலாமே" என்றான். ஓர் இரவில் காட்டுப்பன்றிகள் அவன் மரவள்ளியில் கால் பங்கைத் தோண்டிப் போட்டிருந்தன. மிளாக்களும் வரும், அவற்றைத் தொட முடியாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பிருந்த வேட்டை உரிமங்களை 1991 திருத்தம் அடியோடு நீக்கிவிட்டது. பன்றிக்கு மட்டும் வழி உண்டு. 2022 மே மாதம் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் அளித்தது. உரிமத் துப்பாக்கி உள்ளவரே சுட வேண்டும். நஞ்சு, வெடி, மின்வேலி கூடாது. சுட்டதைப் புதைத்துவிட வேண்டும், உண்ணலாகாது. இங்கே மானிறைச்சியால் உறைபெட்டியை நிரப்பும் அண்டை வீட்டாரிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்.

அரைத் தானியங்கி ரைபிளுக்கு அங்கே சாதாரணக் குடியானவனுக்கு உரிமம் கிடைக்காது. கிடைத்தாலும் நாம் வேண்டாமென்றே சொல்வோம். கூட்டமாக வரும் பன்றிக்கு விரைவான இரண்டாம் குண்டு பயன்படும் என்பது மெய்தான். ஆனால் அந்த ரைபிளின் குண்டு குறி தப்பினால் மைல் கணக்கில் போகும். வித்துராவில் ரப்பர் மரங்களுக்கிடையே சரிவுக்குச் சரிவு வீடுகள். இருட்டில் பால் வெட்டக் கிளம்புவோர் தலைவிளக்கோடு நடக்கிறார்கள். சிறு தூரத்திலேயே வேகம் தணியும் ரவைத் துப்பாக்கிதான் அந்த மண்ணுக்கு ஏற்றது.

மகன் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்தான். ஆரஞ்சுச் சட்டை அணிந்து, பெரியவரின் தாழ்வகை ரைபிளோடு அவர் பக்கத்திலேயே ஒரு நாள் முழுதும் உட்கார்ந்திருந்தான். மானொன்று வந்ததாம், பின்னால் வீடு தெரிந்ததால் சுடவில்லையாம். அவன் தாய் அன்று இரண்டு முறை வாசலுக்குப் போய் வந்தார். வீட்டுக்குள் துப்பாக்கி வரக்கூடாது என்ற அவர் தீர்ப்பு மாறவில்லை. 742 வேறொருவர் கைக்குப் போயிற்று.

தம்பிக்குப் பஞ்சாயத்து அனுமதி கிடைத்து, துப்பாக்கிக்காரர் மூன்று இரவு காத்திருந்தார். பன்றி வரவில்லை. நான்காம் இரவு அவரை வேறு வார்டுக்கு அழைத்துப் போனார்கள், அன்று வந்தன. இப்போது தோட்டத்தைச் சுற்றித் தகரம் அடிக்கிறான். அந்தத் துப்பாக்கியின் விலைக்குச் சற்று மேலாகவே அனுப்பியிருக்கிறோம். கிழக்குப் பக்கம் இன்னும் பாக்கி.