சனம் எண்ணப் போறியோ?

புள்ளிவிபரவியல் படிக்கப் போறன் என்று சொன்னால் எங்கட வீட்டில் முதல் வாற கேள்வி, "ஏன், இன்ஜினியரிங் கிடைக்கேல்லையோ?" மாமா இன்னும் ஒருபடி மேலே போவார்: "படிச்சிட்டு வீடு வீடாப் போய் சனம் எண்ணப் போறியோ?"

சனம் எண்ணுறது லேசான வேலை இல்லை. 1981க்குப் பிறகு இலங்கை முழுக்க ஒரு தொகைமதிப்பு நடந்தது 2012இல்தான். இடையில் 2001இல் 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையாக எண்ணினார்கள். விடுபட்டவை வடக்கு, கிழக்கு மாவட்டங்கள். அந்த 31 வருஷத்தில் எத்தனை பேர் இடம்பெயர்ந்தார்கள், எத்தனை பேர் இல்லாமல் போனார்கள் என்பதற்கு இன்றைக்கும் ஆளுக்கொரு கணக்கு. எண்ணத் தெரிந்தவர்கள் எங்களுக்குள்ளும் இருக்க வேணும். நான் இந்தப் பாடத்தைப் பிடிச்சதுக்குக் காரணம் அதுதான்.

உயர்தரம் எழுதின எல்லாருக்கும் புள்ளிவிபரவியல் ஏற்கெனவே அறிமுகம். ஒரு பாடத்தில் எடுத்த புள்ளியில் இருந்து இடையைக் கழித்து, நியம விலகலால் பிரித்தால் வாறதுதான் இசட் புள்ளி. எந்தக் கம்பஸ் என்று தீர்மானிக்கிற அந்த எண்ணைப் பார்த்து அழுகிறோம், சிரிக்கிறோம். ஆனால் ஏன் நியம விலகலால் பிரிக்கினம் என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்?

என்ர திட்டம் இதுதான். முதல் வருஷம் தொகையீடு, தாயங்கள், நிகழ்தகவு மூன்றையும் விடாமல் பிடிக்கிறது. அத்திவாரம் இல்லாமல் மென்பொருளில் பொத்தானை அமத்தினால் விடை வரும், விளக்கம் வராது. இரண்டாம் வருஷம் மாதிரி எடுத்தல், கூடவே இலவசமாகக் கிடைக்கிற 'ஆர்' மென்பொருள். துணைப்பாடமாகக் கணினி விஞ்ஞானம். பெறுபேறு விட்டால் நாலாம் வருஷச் சிறப்புப் பட்டம். அதில் மீள்குடியேறின கிராமங்களில் பிள்ளைகள் எந்த வகுப்போட பள்ளிக்கூடத்தை விடுகினம் என்று ஆராய ஆசை.

துறையைத் தெரியும்போது பெயரையும் பாருங்கோ. யாழ்ப்பாணத்தில் கணிதமும் புள்ளிவிபரவியலும் ஒரே துறை, பேராதனையில் அது கணினி விஞ்ஞானத்தோட சேர்ந்தது, கொழும்பில் தனித்துறை. எதோட சேர்ந்திருக்கு என்பதை வைச்சே எந்தப் பக்கம் சாயும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

பயம் ஒன்று இருக்கு: தமிழில் படிச்சிட்டு ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறது. அதுக்காக இப்பவே ஒரு கொப்பி போட்டிருக்கிறன். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல். நாளைக்கு ஒரு வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்கும்போது வலப்பக்கம்தான் உதவும்.