லாபம், ரெண்டு, மூணு, நாலு

விளாத்திகுளத்தில் ஒரு மிளகாய் கமிஷன் கடைத் திண்ணையில்தான் என் சீட்டு வித்தைகளுக்குப் பரீட்சை. முழுக்கட்டு கிடையாது, நாலைந்து சீட்டை மட்டும் வைத்துச் செய்கிறவை. பஸ் பாஸ் உறைக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். மேடை வேண்டாம், மேஜையும் வேண்டாம். ஆனால் பார்க்கிறவர் ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்து விரலையே முறைத்துக்கொண்டிருப்பார்.

இவற்றில் பலவற்றுக்கும் ஆதாரம் ஓர் எண்ணும் முறை. அலெக்ஸ் எல்ம்ஸ்லி என்ற ஸ்காட்லாந்துக்காரர், கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர், 1950களில் உருவாக்கியது. நாலு சீட்டையும் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுவோம். ஒரு சீட்டின் முகம் மட்டும் கடைசிவரை வெளியே வராது. இதற்கு மேல் சொன்னால் சக வித்தைக்காரர்கள் அடிக்க வருவார்கள். அந்த எண்ணலை வைத்துத்தான் டாய் வெர்னன் என்ற வித்தைக்காரர், நாலு ஆசும் ஒவ்வொன்றாகத் தானே புரண்டு நிமிர்கிற வித்தையைச் செய்தார். நான் முதலில் பழகியது அதைத்தான். கண்ணாடி முன்னால் மூன்று மாதம்.

திண்ணையில் செய்து காட்டினேன். கடைக்கார அண்ணாச்சி கேட்டார்: “நாலே நாலு சீட்டு. அத எதுக்குய்யா நாலு தடவ எண்ணுத?”

விரலில் பிழையில்லை. எண்ணுவதற்குத்தான் காரணமில்லை. கண்ணாடி அதைக் கேட்காது.

அப்பத்தா கம்பு அளப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று சொல்லமாட்டாள், ‘லாபம்’ என்பாள். அடுத்த மரக்கால் நிறைகிறவரை அதே சொல்லை இழுத்துக்கொண்டிருப்பாள்: “லாபம்ம்ம்… லாபம்… ரெண்டேய்… ரெண்டு…” கணக்குத் தவறக்கூடாது என்பதற்காக. அந்த இழுவையை அப்படியே எடுத்துக்கொண்டேன். நாலு ஆசும் நாலு மரக்கால் கம்பு. களத்துமேட்டில் அளக்க அளக்க ஒவ்வொன்றாகப் புரண்டு படுக்கிறது. எந்த எண்ணில் என் விரல் தயங்குமோ, அந்த எண்ணைக் குரல் இழுத்து மூடிவிடும். திண்ணையில் இப்போது அவர்களே கூடச் சேர்ந்து எண்ணுகிறார்கள்.

அதிலிருந்து, புதிதாக ஒரு வித்தை கைக்கு வந்தால் ரகசியம் எவ்வளவு கெட்டி என்று நான் முதலில் பார்ப்பதில்லை. எத்தனை தடவை எண்ணவேண்டியிருக்கிறது, ஏன் எண்ணுகிறோம் என்றுதான் பார்க்கிறேன். அடுத்தது, முடிந்ததும் சீட்டை அவர்கள் கையில் கொடுக்கலாமா? திருவிழாவில் மூணு சீட்டுக்காரனிடம் காசு விட்ட ஊர். “இங்க குடு, பாப்போம்” என்று கை நீளத்தான் செய்யும். விலைக்கு வாங்கியவற்றில் பாதி இங்கேதான் தோற்றது. இருபுறமும் முதுகாக அச்சடித்த சீட்டு ஒன்று உள்ளே இருந்தால் எப்படி நீட்டுவது? சட்டென்று பைக்குள் போட்டாலோ, அதுவரை செய்ததெல்லாம் வீண்.

சித்திரை வெயில் இன்னொரு பரீட்சை. வியர்வையில் காகிதச் சீட்டு இரண்டிரண்டாக ஒட்டும். பிளாஸ்டிக் சீட்டோ வழுக்கி ஓடும். காகிதமே வைத்துக்கொண்டு, விரலில் கொஞ்சம் முகப்பவுடர் தடவிக்கொள்கிறேன்.

வத்தல் மூட்டையில் கைவிட்டுப் பார்த்த கையோடு அண்ணாச்சி ஒருநாள் சீட்டை வாங்கினார். புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுல ஒண்ணுமில்லையே” என்று திருப்பித் தந்தார். எனக்கு ஏக சந்தோஷம். அந்த நினைப்பிலேயே கண்ணைக் கசக்கிவிட்டேன். பிறகு அரை மணி நேரம் குழாயடியில்தான்.

ஆட்டின் ஆசின் முதுகில் அவர் கட்டைவிரல் பதிந்த சிவப்பு இன்னும் போகவில்லை. எண்ணும்போது அது ஒன்று மட்டும் தனியாகத் தெரிகிறது. வேறு கட்டு வாங்கவேண்டும்.