பேர்லின் பியரும் அரியாலைக் கள்ளும்

ஜேர்மன் பியர் என்றதும் பெரிய குவளையும் கடுங்கசப்பும் நம்மவர் பலரின் நினைவுக்கு வரும். பேர்லின் நகருக்கே உரிய 'பேர்லினர் வைசே' அத்தகையதன்று. கோதுமையும் பார்லியும் சேர்த்து ஆக்கப்படும் இந்த இளம் பியரில் மதுசாரம் ஏறத்தாழ மூன்று விழுக்காடுதான். கோடை வெயிலில், வாயகன்ற கிண்ணத்தில், சிவப்பு அல்லது பச்சை நிறப் பழப்பாகோ மூலிகைப்பாகோ கலந்து அருந்துவார்கள். நெப்போலியனின் படையினர் இதனை 'வடக்கின் சம்பெயின்' என்றழைத்ததாகவும் ஒரு கதை உண்டு.

1980களில் கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு பேர்லினுக்குள் புகுந்து அகதிகளானோருள் யாழ்ப்பாணத்தவர் பலர். அவர்களுள் ஒருவரான என் உறவினர் வீட்டில்தான் இதனைப் பாகு கலக்காமல் சுவைத்தேன். முதல் மிடறிலேயே, "இது எங்கட பனங்கள்ளெல்லோ!" என்றேன். அவரும் சிரித்தார்.

ஒற்றுமைக்குக் காரணம் உண்டு. இரண்டிலும் நொதியம் சீனியை மதுசாரமாக்க, இலற்றிக் அமிலப் பற்றீரியா புளிப்பைத் தருகிறது. பேர்லினில் அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அரியாலையில் முட்டி மரத்தில் தொங்கும்போதே வேலை தொடங்கிவிடும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காது; அது கருப்பநீர். பூசாவிட்டால் கள். காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்துவிடும். மேலும் வைத்தால் வினாகிரிதான்.

உணவுப் பொருத்தத்திலும் இதே புளிப்புத்தான் துணை. பேர்லினர் வைசேக்கு மீனும் இளம் பாற்கட்டியும் இசையும். நமக்கோ கடல்நீரேரி அருகிலேயே இருக்கிறது. பொரித்த ஓரா மீன், இறால் வறுவல், நண்டுக்கறி, சுட்ட கருவாடு, அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும். கள்ளின் புளிப்பு எண்ணெயை அறுக்கும். எஞ்சிய இனிப்பு மிளகாயின் எரிவைத் தணிக்கும். ஒடியற்கூழ் குடிக்கும் அதே பனையோலைப் பிளாவில்தான் கள்ளும் ஊற்றப்படும்.

ஆயினும் அந்தப் பிளாவுக்குள் ஒரு கசப்பும் இருந்தது. கள்ளை விரும்பிக் குடித்த ஊர், அதனை இறக்கியவரைத் தன் கிணற்றில் அள்ளவும் கோயிலுக்குள் நுழையவும் விடவில்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. 1970களில் உருவான கூட்டுறவுச் சங்கங்கள் தொழிலாளருக்கு ஓரளவு பிடிமானம் அளித்தன. பின்னர் போர் வந்தது. காவலரண்களுக்காகப் பனைகள் ஆயிரக்கணக்கில் தறிக்கப்பட்டன.

இன்று மரமேறுவோரின் பிள்ளைகள் பலர் படித்து வேறு தொழிலுக்குப் போகிறார்கள். "நல்ல கள் கிடைப்பதில்லை" என்று விடுமுறைக்கு வரும் நம் புலம்பெயர்ந்த உறவுகள் குறைப்படுகிறார்கள். அந்தப் பிள்ளைகள் போவதே சரி என்பேன். தளைநாரைக் காலில் மாட்டி, பாளைக்கத்தியுடன் நாளுக்கு இருமுறை உயரே ஏறுபவர் தவறி விழுந்தால் குடும்பமே விழுந்துவிடும்.

அருகிப்போன பேர்லினர் வைசேக்கு அங்கே இளம் வடிப்பாளர்கள் மீண்டும் உயிரூட்டினார்கள். விருப்பத்தோடும் மதிப்போடும் செய்யத்தக்க தொழிலாக அது அவர்களுக்கு இருந்தது. நம் கள்ளுக்கும் அத்தகைய காலம் வரவேண்டுமானால் ஏறுபவருக்கு நியாயமான கூலியும் காப்புறுதியும் வேண்டும். நம் வீட்டு விறாந்தையில் சரியாசனமும் வேண்டும். போத்தலையும் பெயர்ச்சீட்டையும் அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.