அறுந்த பெல்ட்டும் அவசரத் தீர்ப்பும்

எங்கள் ஜமாஅத்தின் வேன் வாரத்தில் இரண்டு நாட்கள், திங்களும் வியாழனும், இராமநாதபுரம் கடற்கரையோரத்து எங்கள் ஊரிலிருந்து மதுரைக்குச் செல்கிறது. சிறுநீரகம் பழுதுபட்ட நான்கு பேர் அதில் டயாலிசிஸ் சிகிச்சைக்குப் போய் வருகிறார்கள். ஓட்டுநர் அவ்விரு நாட்களிலும் ஸுன்னத்தான நோன்பு வைத்துக்கொண்டே ஓட்டுபவர். ஸுப்ஹு தொழுதவுடன் புறப்பட்டால்தான் சிகிச்சைக்குக் குறித்த நேரம் கிடைக்கும். தவறினால் அடுத்த நோயாளிக்கு அந்த இயந்திரம் போய்விடும். உடம்பில் தேங்கிய நீரோடு இவர்கள் காத்திருக்க வேண்டும்.

இந்த வேனின் இன்ஜின் பெல்ட் பரமக்குடியைத் தாண்டி மானாமதுரைக்குப் போகும் வழியில் ஒரு வியாழக்கிழமை அறுந்தது. ஊரில் பலர் இன்னும் 'ஃபேன் பெல்ட்' என்றே சொல்கிறார்கள். எங்கள் வேனில் இருப்பது உட்புறம் ஆறு வரிகள் ஓடும் ஒற்றை நீளப் பெல்ட். இன்ஜினின் சுழற்சியை எடுத்து, மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர் நீரைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப், பவர் ஸ்டீயரிங், ஏ.சி. ஆகிய நான்கையும் அது ஒன்றே இயக்குகிறது. ஆகவே அது அறுந்தால் நான்கும் ஒன்றாக நிற்கும். முதலில் பேட்டரி விளக்கு எரியும், ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும், சில நிமிடங்களில் வெப்ப முள் ஏறும். அந்நிலையில் 'அடுத்த ஊர் வரைக்கும் போய்விடலாம்' என்று ஓட்டுபவர்கள் ஹெட் கேஸ்கட்டைப் பறிகொடுத்து, நூற்றுக்கணக்கில் முடிய வேண்டிய செலவைப் பல்லாயிரத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். எங்கள் ஓட்டுநர் விளக்கைக் கண்டவுடன் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். அல்ஹம்துலில்லாஹ், இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. நோயாளிகள் வேறு வண்டி பிடித்து மூன்று மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்தப் பெல்ட் மாட்டி 6,200 கி.மீ. தான் ஓடியிருந்தது. அதற்கு முந்தையதோ வண்டியோடு வந்தது, 88,000 கி.மீ. வரை உழைத்து, அறுவதற்கு முன்பே முறைப்படி மாற்றப்பட்டது. இத்தகைய பெல்ட்டுகள் ஒரு லட்சம் கி.மீ. அளவுக்கு உழைப்பது அதிசயமில்லை. அப்படியிருக்க 6,200 என்றால் யாருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: பெல்ட் போலி. அன்று லுஹருக்குள் ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சகோதரர் எழுதிவிட்டார்: 'அந்தக் கடையில் யாரும் உதிரிபாகம் வாங்காதீர்கள், டூப்ளிகேட் தருகிறார்.'

அந்தக் கடை ஓர் இளைஞருடையது. எங்கள் பைத்துல்மாலிலிருந்து கர்ளன் ஹஸனாவாகக் கடன் பெற்று, தொடங்கி ஒரு வருடம்கூட நிறையாத கடை. செய்தியைப் பார்த்தவர், தம் பக்கத்து நியாயம் எதையும் பேசாமல், அன்று மாலையே இன்னொரு பெல்ட்டை விலை வாங்காமல் கொடுத்தனுப்பினார். சிலர் அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். மனிதர் பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம்.

வண்டியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பிலிருந்த நாங்கள் மூவர், அறுந்த பெல்ட்டைப் பார்க்காமல் எதையும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம். ஓட்டுநர் அதைத் தூக்கி எறியாமல் இருக்கைக்கு அடியில் போட்டு வைத்திருந்தார். இதற்காகவே அவருக்கு துஆச் செய்ய வேண்டும். அறுந்த பெல்ட்டைச் சாலையோரம் வீசிவிட்டுப் புதிதை மாட்டிக்கொண்டு வருபவர்கள், நடந்ததை அறிய இருந்த ஒரே தடயத்தை வீசிவிடுகிறார்கள்.

புதுப் பெல்ட் 900 கி.மீ. ஓடுவதற்குள் குருவி கத்துவதுபோல் கீச்சிடத் தொடங்கியது. ஆகவே வேனையும் பழைய பெல்ட்டையும் பரமக்குடியில் அனுபவமுள்ள ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு சென்றோம். எங்கள் ஊர்க்காரரல்லர், கடைக்காரரையும் தெரியாது, குழுவில் நடந்ததும் தெரியாது. நாங்களும் சொல்லவில்லை.

அவர் முதலில் இன்ஜினைத் திறக்கவில்லை. அறுந்த பெல்ட்டை வெயிலில் பிடித்து விரலால் தடவியபடி சிறிது நேரம் பார்த்தார். ஒரு பக்க ஓரம் மட்டும் நூல் நூலாகப் பிரிந்திருந்தது. அந்த ஓரத்து வரிகள் இரண்டு உரிந்து போயிருந்தன. மற்ற நான்கு வரிகளும் ஏறக்குறைய புதிதுபோல் இருந்தன. வெடிப்பு இல்லை, கண்ணாடிபோன்ற பளபளப்பு இல்லை, எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை.

"பாய், ரப்பர் மட்டமா இருந்தா அகலம் பூரா கெட்டிருக்கும். இது ஒரு ஓரத்துல மட்டும் தின்னிருக்கு. பெல்ட் தப்புப் பண்ணலை, பெல்ட்டை ஏதோ தின்னுது" என்றார்.

ஒவ்வொரு நோயும் பெல்ட்டில் ஒவ்வொரு விதமாகத் தழும்பு விடும் என்று அவர் விளக்கியதை இங்கே எழுதுவது, வாகனம் வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும். வரிகள் எரிந்து பளபளத்திருந்தால் பெல்ட் வழுக்கியிருக்கிறது: இழுவை தரும் டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது ஏதோ ஒரு புல்லியின் பேரிங் இறுகியிருக்கும். ரப்பர் உப்பி மெத்தென்று ஆகியிருந்தால் மேலிருந்து எண்ணெய் ஒழுகுகிறது. ஒழுக்கை நிறுத்தாமல் பெல்ட்டை மாற்றுவது வீண். குறுக்கே வெடிப்புகள் இருந்தால் வயதும் வெப்பமும். ஆனால் இப்போது வரும் ஈ.பி.டி.எம். ரப்பர் பெல்ட்டுகள் பழைய நியோப்ரீன் பெல்ட்டுகளைப்போல் எளிதில் வெடிப்பதில்லை. அவை டயரைப்போல் தேய்கின்றன. வெடிப்பு இல்லை என்பதால் நல்ல பெல்ட் என்று நம்பிவிட முடியாது. மாட்டும்போது ஸ்குரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் உள்ளிருக்கும் நூல் முறிந்து, வெளியே ஒன்றும் தெரியாமலிருந்து ஒருநாள் அறும். ஒரு ஓரம் மட்டும் பிய்ந்திருந்தால் புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லை.

போலி என்ற சந்தேகத்தையும் அவர் ஒதுக்கிவிடவில்லை. சந்தையில் போலிகள் உண்டு என்பது உண்மை. பெல்ட்டின் முதுகில் அச்சிட்டிருந்த எண்ணை வாசித்தார். '6 பி.கே.' என்பதில் 6 என்பது வரிகளின் எண்ணிக்கை. அதைத் தொடர்ந்து வருவது மில்லிமீட்டரில் நீளம். இரண்டும் வண்டிக்கு உரியவையே. தயாரிப்பாளரின் அச்சும் தெளிவாக இருந்தது.

பிறகு இன்ஜினை ஓடவிட்டு, கையும் சட்டையும் விலகி நிற்க, ஒரு பாட்டிலிலிருந்து சிறிது நீரைப் புதுப் பெல்ட்டின் வரிப்பக்கத்தில் தெளித்தார். கீச்சொலி உடனே நின்றது. சில நொடிகளில் திரும்ப வந்தது. நீர் பட்டதும் ஒலி அதிகரித்தால் இழுவை போதவில்லை. நின்று பின் திரும்பினால் புல்லியின் நேர் தவறியிருக்கிறது என்றார். கீச்சொலிக்குச் சோப்பு தேய்ப்பவர்களும், ஸ்பிரே அடிப்பவர்களும் உண்டு. அது வலியோடு வந்த நோயாளியின் வாயைப் பொத்துவதற்குச் சமம். இப்படிச் சொன்னது மெக்கானிக் அல்லர், எங்களுள் ஒருவர்.

இன்ஜினை அணைத்துப் பெல்ட்டைக் கழற்றினார். டென்ஷனரின் கையை நெம்பிப் பார்த்தார். ஸ்பிரிங் உறுதியாக இருந்தது. ஒவ்வொரு புல்லியையும் விரலால் சுழற்றினார். எதிலும் உறுமல் இல்லை, ஆட்டமும் இல்லை. கடைசியில் ஒரு நீண்ட இரும்பு அளவுகோலைக் கீழேயுள்ள பெரிய புல்லியின் முகத்தில் படியவைத்து ஆல்டர்னேட்டர் புல்லி வரை நீட்டினார். அங்கே அளவுகோலுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி இருந்தது. சுமார் 3 மி.மீ.

மூன்று மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று எங்களுக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். கீழ்ப் புல்லியின் சுற்றளவு ஏறத்தாழ 47 செ.மீ.; இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 முறை சுற்றும்போது பெல்ட் நிமிடத்துக்கு 940 மீட்டர் ஓடுகிறது. பெல்ட்டின் நீளம் இரண்டு மீட்டர் என்றால் அதன் ஒவ்வொரு இடமும் நிமிடத்துக்கு 470 முறை அந்தக் கோணல் புல்லியைக் கடக்கிறது. மதுரைக்குப் போகும் ஒரு மணி நேரத்தில் 28,000 முறை, ஒவ்வொரு முறையும் அதே ஓரம் பள்ளத்தின் சுவரில் உரசுகிறது.

புல்லி ஏன் உள்ளே போனது? "டைனமோவை யாராவது கழட்டினாங்களா?" என்று மெக்கானிக் கேட்டார். ஆல்டர்னேட்டரை அவர்கள் இன்னும் டைனமோ என்றுதான் சொல்கிறார்கள். வண்டியின் கணக்குப் புத்தகத்தில் அப்படி ஒரு வேலையே இல்லை. ஓட்டுநருக்குத்தான் நினைவு வந்தது: 88,000 கி.மீ.யில் பெல்ட் மாற்றிய அதே நாளில், ஆல்டர்னேட்டரின் பேரிங் உறுமுகிறதென்று அதையும் பிரித்து மாற்றினார்கள். ஊரில் எல்லோரும் காக்கா என்று அழைக்கும் மூத்த எலெக்ட்ரீஷியன் ஒருவர் அதை அல்லாஹ்வுக்காகக் கூலியின்றிச் செய்துகொடுத்தார். பணம் கொடுக்கவில்லை, ஆகவே ரசீது இல்லை. ரசீது இல்லை, ஆகவே பதிவில்லை. ஒரே நாளில் மாறிய இரண்டில், காசு கொடுத்து வாங்கியது மட்டும் ஊரின் நினைவில் நின்றது.

இனி கடினமான வேலை மெக்கானிக்குடையதல்ல, எங்களுடையது. கடைக்காரரைக் காப்பாற்றப் போய்க் காக்காவைக் கூண்டில் ஏற்றுவதில் என்ன நீதி? அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம், வந்த செய்தியை விசாரித்துத் தெளிய வேண்டும் என்கிறது. அதே அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தவறான எண்ணத்தையும் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறது. இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிப்பது எளிதன்று. விசாரித்து முடித்தவுடன் பேசத்தான் நாக்கு துடிக்கிறது. ஜும்ஆ உரையில் இதைத் தொடலாமா என்று இமாம் கேட்டார், வேண்டாம் என்றோம். பெயர் சொல்லாவிட்டாலும் ஊருக்கு ஆள் தெரிந்துவிடும்.

அஸருக்குப் பின் காக்காவின் வீட்டுக்கே போனோம். பள்ளிவாசலில் வைத்தும் பேசவில்லை, போனிலும் பேசவில்லை. பெல்ட்டையும் அளவையும் முன்னால் வைத்தோம், வேறு வார்த்தை தேவைப்படவில்லை. அவர் பிய்ந்த ஓரத்தைத் தடவிவிட்டு, "புல்லிக்குப் பின்னாடி ரெண்டு ஸ்பேசர் இருந்துச்சு தம்பி. ஒண்ணு தேஞ்சு கெடந்துச்சு, தேவையில்லைன்னு எடுத்துட்டேன்" என்றார். அந்த வளையத்தின் தடிமன்தான் காணாமற்போன மூன்று மில்லிமீட்டர். மறுநாளே லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்து வாங்கி, தாமே வந்து மாட்டி, அளவுகோல் வைத்துக் காட்டினார். இம்முறையும் கூலி வாங்கவில்லை. ஆனால் தொகை என்ற இடத்தில் 'ஹதியா' என்று எழுதி, செய்த வேலையைப் புத்தகத்தில் பதிந்தோம். இப்போது அன்பளிப்பாக நடக்கும் வேலைகள் அனைத்தும், டயருக்குக் காற்று அடிப்பது நீங்கலாக, அப்படியே பதியப்படுகின்றன.

குழுவில் எழுதிய சகோதரரிடம் ஒன்றே கேட்டோம்: பழைய செய்தியை அழித்தால் மட்டும் போதாது, அதைப் படித்த அதே குழுவில் திருத்தமும் வரவேண்டும். முதலில் தயங்கினார். பிறகு, 'பெல்ட்டில் குறை இல்லை, வண்டியின் அமைப்பில் இருந்த கோணல் சரிசெய்யப்பட்டது, நான் அந்தக் கடையைப் பற்றி எழுதியது தவறு' என்று மூன்று வரிகளில் எழுதினார். யார் கோணலாக்கியது என்று கீழே ஒருவர் கேட்டிருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை.

கடைக்காரருக்கு இரண்டாவது பெல்ட்டின் விலையான 1,450 ரூபாயைக் கொடுத்தனுப்பினோம். திருப்பி அனுப்பினார். கடன் கணக்கில் வரவு வைக்கலாமா என்று பைத்துல்மால் பொறுப்பாளரைக் கேட்டோம். அவருடைய அனுமதியில்லாமல் அதையும் செய்யக்கூடாது என்று அவர் மறுத்துவிட, ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கே நேரில் போய்க் கையில் கொடுத்தோம். அப்போது கடையில் வாடிக்கையாளர் இருவர் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி, பெல்ட் நன்றாக ஓடுகிறது என்று சொன்னோம்.

ஓரம் சற்றுத் தேய்ந்துவிட்டதால் அந்தப் பெல்ட்டையும் கழற்றிவிட்டு, மூன்றாவது ஒன்றை அதே கடையில் விலைக்கு வாங்கினோம். அது இன்றுவரை 31,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஆறு வரிகளும் ஒன்றுபோல் இருக்கின்றன.