அணியமும் அமரமும்

சவுத்தாம்ப்டனில் கப்பல் ஏறினால் நியூயார்க் சேர ஏழு இரவுகள். ‘குயீன் மேரி 2’ மேற்கு நோக்கிப் போவதால், வழியில் ஐந்து இரவுகள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைக்கச் சொன்னார்கள். நாளுக்கு 25 மணி நேரம். எந்தப் பக்கம் பார்த்தாலும் அட்லாண்டிக். கரையே கண்ணில் படாத அந்த நாள்களில் நானும் என் மனைவியும் தவறாமல் போய் உட்கார்ந்த இடம், கப்பலின் ‘கோல்டன் லயன்’ மதுக்கூடம். அங்கே வினாடி வினா நடக்கும்.

மேசைக்கு ஐந்தாறு பேர் சேர்ந்தால் ஓர் அணி. ஒரு தாள், ஒரு பென்சில். கேள்வி வந்ததும் அடுத்த மேசைக்குக் கேட்காமல் காதும் காதும் வைத்தாற்போலப் பேசி விடை எழுத வேண்டும். முடிந்ததும் நம் தாளை அவர்கள் திருத்துவார்கள், அவர்கள் தாளை நாம். முதல் நாள் பெயர்கூடத் தெரியாதவர்கள் இரண்டாம் நாளே நமக்கு இடம் பிடித்து வைத்திருப்பார்கள். எங்கள் மேசையில் அப்படி வந்து சேர்ந்தவர், சரக்குக் கப்பல்களில் வாழ்நாளைக் கழித்த ஆங்கிலேயப் பெரியவர் ஒருவர்.

நான்காம் நாள் கேள்விகள் எல்லாம் கப்பல் சொற்கள். தள மேற்பார்வையாளரை ‘போட்ஸ்வெயின்’ என்று எழுதிவிட்டு ‘போசன்’ என்கிறார்கள். கப்பலின் முன்தளத்தை ‘ஃபோர்காசில்’ என்று எழுதுவது வாயில் ‘ஃபோக்சில்’ ஆகிவிடுகிறது. ‘பேகிரிங்கிள்’ என்ற சொல் வந்தபோது கூடமே சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. “பழைய கயிற்றைப் பிரித்துச் சடைசடையாகக் கட்டுவோம். பாய் உரசிக் கிழியாமலிருக்க அதை மற்றக் கயிறுகள் மேல் சுற்றுவோம்” என்று சொல்லிக்கொண்டே, காற்றில் விரல்களால் முடிச்சுப் போட்டுக் காட்டினார். அந்தச் சொல் அவர் விரல்களில் இருந்தது.

அதன் பிறகு அவரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பழங்காலப் படகுகளில் திசைதிருப்பும் துடுப்பு வலப்பக்கம் இருந்தது. ஆகவே வலப்பக்கம் ‘ஸ்டார்போர்டு’, அதாவது திருப்பும் பக்கம். துடுப்பு கரையில் மோதி உடையாதபடி இடப்பக்கத்தைத்தான் துறையோடு அணைப்பார்கள். சரக்கு ஏறுவதும் அந்தப் பக்கம்தான். அதற்கு ‘லார்போர்டு’ என்று பெயர். புயலில் இரண்டையும் கூவிப் பாருங்கள், காதில் ஒன்றுபோலவே விழும். தவறாகக் கேட்டுச் சுக்கானைத் திருப்பினால் கப்பலே போய்விடும். அதனால் 1844இல் பிரிட்டிஷ் கடற்படை இனி ‘போர்ட்’ என்றே சொல்ல வேண்டும் என்று ஆணையிட்டது.

வேகத்தைச் சொல்லும் ‘நாட்’டும் அப்படித்தான். அது நிஜமான முடிச்சு. கட்டையைக் கட்டிய கயிற்றைக் கப்பலின் பின்னால் வீசி, 28 விநாடி மணற்கடிகாரம் வடிவதற்குள் கைவழியே எத்தனை முடிச்சுகள் ஓடின என்று எண்ணுவார்கள். முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம். இன்று ஒரு நாட் என்றால் மணிக்கு 1852 மீட்டர் என்று கணக்கு. கயிறு போய்விட்டது, கயிற்றின் பெயரில்தான் இன்னும் கப்பல்கள் ஓடுகின்றன.

விந்தையாக ஒலிக்கும் இந்தச் சொற்கள் எல்லாம் வேலை செய்து தேய்ந்தவை. அம்மியில் குழி விழுவதுபோலப் பல தலைமுறை வாய்கள் அவற்றைத் தேய்த்திருக்கின்றன. காற்றுக்கு எதிரே கத்துகிறவனுக்கு நீளமான சொல் உதவாது.

கடைசிக் கேள்வி: “கேட்டமரான் எந்த மொழிச் சொல்?” மேசை முழுவதும் என்னைப் பார்த்தது. ‘தமிழ்’ என்று எழுதியபோது என் கை நடுங்கியது. 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூலிலேயே சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இடம்பெற்றுவிட்டது. இன்று ஆங்கிலத்தில் அது இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கிறது. நம் கட்டுமரத்துக்கு உடலே கிடையாது. மரங்களைச் சேர்த்துக் கட்டியது, அவ்வளவுதான். கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து மரங்களைக் காயவைப்பார்கள் என்றேன். பெரியவர் ஆர்வமாகக் கேட்டார்: “அதன் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் உங்கள் மொழியில் என்ன பெயர்?”

எனக்குத் தெரியவில்லை. ஒரு மொழியின் புகழ்பெற்ற சொல்லை மட்டும் சுமந்துகொண்டு அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது உறைத்தது.

ஊர் திரும்பிய சில மாதங்களில் உவரி என்ற மீனவ ஊருக்குப் போனேன். கரையில் பெரும்பாலும் ஃபைபர் படகுகள். வலை சீர்செய்துகொண்டிருந்த முதியவரிடம் அதே கேள்வியைக் கேட்டேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “முன்னால அணியம், பின்னால அமரம். அணியத்துல நிக்கறவன் அலைய மட்டும் பாத்தாப் போதும் தம்பி. அமரத்துல நிக்கறவன் அலையையும் பாக்கணும், அவனையும் பாக்கணும்.”

அன்றிரவே ஆங்கிலேயப் பெரியவருக்குக் கடிதம் எழுதினேன். தாளில் ஒரு கட்டுமரம் வரைந்து, ஒரு முனையில் அணியம், மறுமுனையில் அமரம் என்று குறித்தேன். உவரி முதியவர் சொன்னதையும் அப்படியே கீழே எழுதினேன். அது இல்லாமல் அந்தச் சொற்களை மட்டும் அனுப்ப மனம் வரவில்லை.