விடை தெரியாத நாள்களில் சமாதானம்



மாற்றம் தமிழ்ப்பள்ளிகளுக்குப் புதிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது மக்கள் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர்; தோட்டப்புறப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்தது. 1988-இல் தொடங்கிய யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்டது. நான் பணியாற்றும் பள்ளியிலும் இன்று 150-க்கும் குறைவான மாணவர்களே பயில்கின்றனர். பள்ளி வேறிடம் மாறும் என்ற பேச்சு ஈராண்டுகளாக நிலவுகிறது. "எங்கள் பிள்ளைகளின் கதி என்ன, டீச்சர்?" என்று பெற்றோர் கேட்கின்றனர். என்னிடம் விடை இல்லை.

இத்தகைய நாள்களில் நான் விரும்பிப் படிப்பது எரேமியா நூலின் 29-ஆம் அதிகாரம். கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுச் சென்றோருக்கு அத்தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சீராகிவிடும் என்று அனனியா என்பவன் எருசலேமில் முழங்கினான். கேட்கச் சுகமான செய்திதான், ஆனால் பொய். எரேமியாவோ எழுபது ஆண்டுகள் ஆகும் என்றார். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் நடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்து வையுங்கள், நீங்கள் வாழும் அந்நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்று அறிவுறுத்தினார்.

அந்த 'நலன்' என்பதற்கு எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'ஷாலோம்'. பழைய தமிழ் வேதாகமம் அதனைச் 'சமாதானம்' என்கிறது. போர் இல்லாமை மட்டுமன்று. குறைவற்ற நல்வாழ்வும் அதன் பொருளாகும். நம் வழக்கில் சமாதானம் சொல்வது ஒன்று. சமாதானத்தோடு வாழ்வது வேறொன்று. அனனியா முன்னதைச் செய்தான். எரேமியா பின்னதற்கு வழி காட்டினார். பவுலடியாரும் தம் வழக்கின் முடிவு தெரியாமல் சிறையில் இருந்தபோதுதான் பிலிப்பியருக்குத் தேவ சமாதானத்தைப் பற்றி எழுதினார் என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

ஆகவே, பெற்றோரிடம் தெரியாததைத் தெரியாது என்றே சொல்கிறேன். தெரிந்ததையும் சொல்கிறேன்: முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் இவ்வாரம் உயிர்மெய் எழுத்துகளைக் கற்கின்றனர், வாசிப்பில் பின்தங்கிய மாணவர்களுக்கு மாலை வகுப்பு உண்டு. பள்ளித் தோட்டத்தில் மாணவர்களோடு முருங்கையும் நட்டிருக்கிறோம். அதன் காயை யார் பறிப்பார் என்பதை இறைவன் அறிவார். நீரூற்றுவது எங்கள் வேலை.